மறுமொழி: கிக்பேக் – ‘பின்னுதைப்பு’ வேண்டாம், ‘முனை எகிறல்’ வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நாம் எழுதிவரும் சங்கிலி ரம்பக் கையேட்டில் ‘கிக்பேக்’ என்பதற்கு, அதாவது அறுக்கும்போது மெஷினின் முனை திடீரென்று மேலே கிளம்பி நம்மை நோக்கி வருவதற்கு, தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> ‘பின்னுதைப்பு’ போதும். துப்பாக்கிக்கும் அதைத்தானே சொல்கிறோம். புதிதாக ஒன்று எதற்கு?

விருத்தாசலத்து ஐயா எழுதியதற்கு இந்தப் பதில். துப்பாக்கிக்கு அது சரி. சங்கிலி ரம்பத்துக்கு அது தவறான சொல் மட்டுமல்ல, ஆபத்தான சொல் என்றே நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சங்கிலி ஓடும் திசையைப் பார்ப்போம். சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் மேல்விளிம்பில் அது நம்மை விட்டு விலகி முனையை நோக்கி ஓடுகிறது. முனையில் திரும்பி, கீழ்விளிம்பு வழியாக இன்ஜினை நோக்கி வருகிறது. (‘பார்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள், அதில் குழப்பமும் இல்லை.) இந்த ஓட்டம் மனத்தில் பதிந்துவிட்டால், கையில் இருக்கும் மெஷின் காட்டும் மூன்று குணங்களும் தாமாக விளங்கிவிடும். கீழ்விளிம்பால் அறுத்தால் பல் மரத்தைப் பற்றிக்கொண்டு மெஷினை முன்னே இழுக்கும். மேல்விளிம்பால், அதாவது கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்தால், மெஷின் நேராக நம் மேல் தள்ளிக்கொண்டு வரும். மூன்றாவதுதான் உயிரை வாங்குவது. முனையின் மேற்பக்கக் கால்வட்டம் எதிலாவது பட்டால், கீழே திரும்பிக்கொண்டிருக்கும் பல் அங்கே கவ்வி நின்றுவிடுகிறது. சங்கிலியின் வேகமெல்லாம் பாரின் மேல் பாய்கிறது. பார் விருட்டென்று மேலே கிளம்பி, முகத்தையும் கழுத்தையும் நோக்கி வளைந்து வருகிறது. முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பார்த்து விலக நேரம் கிடையாது.

இப்போது கையேட்டில் ‘பின்னுதைப்பு’ என்று போட்டுப் பாருங்கள். படிக்கிறவர் மனத்தில் என்ன தோன்றும்? மெஷின் நேராகப் பின்னால் தள்ளுவதுதான் தோன்றும். அது இரண்டாவது குணம். காலை அகட்டி ஊன்றி நின்றால் அதைத் தாங்கிவிடலாம். மூன்றாவதை எந்தப் பலசாலியாலும் தாங்க முடியாது; வராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். தாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விதைக்கும் சொல் நமக்கு வேண்டாம். ஆகவே மூன்றுக்கும் மூன்று பெயர் வைப்போம்: முன்னிழுப்பு, பின்தள்ளல், முனை எகிறல்.

> ‘எகிறல்’ பேச்சு வழக்கு. கலைச்சொல்லுக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?

அரம், ஆப்பு, கீல், திருகு எல்லாம் பட்டறையில் பிறந்த சொற்கள்தானே? அவற்றுக்கு என்ன கம்பீரம் குறைந்துவிட்டது? மெஷின் பிடிக்கிறவர்கள் எகிறுகிறது என்றுதான் சொல்கிறார்கள். நான் சேர்த்தது ‘முனை’ ஒன்றைத்தான். அது சேர்ந்தவுடன் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் பெயருக்குள்ளேயே வந்துவிடுகிறது.

பண்ருட்டிக்கு அருகே ஒரு தோப்பில், சாய்ந்து கிடந்த பலாவின் கிளைகளைக் கழிப்பதை நின்று பார்த்தேன். அறுத்தவர் கண்ணெல்லாம் பல் இறங்கும் இடத்திலேயே இருந்தது. கிளைக்கு அப்பால், இலைக்குள் மறைந்து இன்னொரு கிளை. பாரின் முனைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. பக்கத்தில் கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் “முனை, முனை!” என்று கத்தினார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆள் விசையை விட்டுவிட்டு, மெஷினைப் பின்னுக்கு இழுத்து, மறைந்திருந்த கிளையை முதலில் அரிவாளால் கழித்தார். நம் கையேடு அந்தப் பெரியவர் குரலில் பேச வேண்டும் என்பதே என் விருப்பம்.

அதே பக்கத்தில் சேர்க்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. இடது கையின் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி அடியில் போயிருக்க வேண்டும். மற்ற விரல்களோடு சேர்ந்து மேலே கிடந்தால், எகிறும்போது பிடி நழுவிவிடும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. தலைக்கும் பாருக்கும் ஒரே நேர்கோடு கூடாது, உடல் சற்று இடப்பக்கம் விலகி நிற்க வேண்டும். இடது கைக்கு முன்னால் நிற்கும் தட்டுக்கு ‘முன்காப்பு’ என்பது நல்ல பெயர். மெஷின் எகிறும்போது புறங்கை அதில் மோதியோ, அந்தத் தட்டு தன் எடையாலேயே முன்னே சாய்ந்தோ பிரேக் விழுகிறது. பிரேக்கைப் பிரேக் என்றே எழுதுவோம். பிரேக் இருக்கிறதே என்று முனையை மரத்தில் விடலாம் என யாரும் நினைத்துவிடாதபடி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

> ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் இருக்கும் சின்ன மேட்டுக்கு ‘ஆழமானி’?

மானி என்றால் அளந்து காட்டுகிற கருவி. இது எதையும் காட்டுவதில்லை. பல் ஒரு தடவையில் எவ்வளவு கடிக்கலாம் என்று வரம்பு கட்டுகிறது. ‘கடிவரம்பு’ என்று வைக்கலாமா? பல்லின் நுனியைவிட இது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் பெரும்பாலான சங்கிலிகளுக்குச் சரி. வேகமாக அறுக்க ஆசைப்பட்டு இதை அரத்தால் மேலும் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. பல் அதிகமாகக் கடிக்கும், முனை எகிறலும் அந்த அளவுக்கு மூர்க்கமாகும். ‘கடிவரம்பைக் கரைக்காதே’ என்று எழுதினால் தேய்க்கிறவருக்கே உறைக்கும்.

கீல்பட்டை பற்றி: மரத்தை வீழ்த்தும்போது நடுவில் அறுக்காமல் விடும் பகுதிக்கு இந்தச் சொல்லைப் புதுச்சேரி நண்பர் முன்வைத்தார். மரம் வெட்டுகிறவருக்குப் பட்டை என்றால் மரப்பட்டைதான். ‘கீல்’ என்று மட்டும் இருக்கட்டும். அடிமரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கீலாக நிற்க வேண்டும். முழுவதும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வட்டாரத்துக்கு மிகவும் தேவையானதைக் கடைசியில் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும், வழியைத் திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பழக்கமில்லாதவர்களும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மெஷினைப் பிடிக்கிறார்கள். நிற்கும் மரத்தைவிடச் சாய்ந்த மரம் மோசமானது. வளைந்து கிடக்கும் தண்டில் ஒரு பக்கம் விறைத்திருக்கும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். ‘விறைபக்கம்’, ‘நசுங்குபக்கம்’ என்று எழுதலாம். முதலில் நசுங்குபக்கத்தில் மேலோட்டமாக ஒரு வெட்டு, பிறகு விறைபக்கத்தில் அறுத்து முடிப்பது. நசுங்குபக்கத்தில் ஆழமாக இறங்கினால் பார் மாட்டிக்கொள்ளும்; விறைபக்கத்தில் முதலிலேயே ஆழமாகப் போனால் தண்டு பிளந்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரமென்றால் இன்னொன்றும் உண்டு. தண்டை அறுத்துவிட்டதும் பாரம் குறைந்து, வேர்த்திரள் மண்ணோடு நிமிர்ந்து குழிக்குள் திரும்பிவிடும். அந்தக் குழியில் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது.

விழும்போது பக்கத்து மரக்கிளையில் மாட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும் மரத்துக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. ‘தொற்றுமரம்’, ‘மாட்டுமரம்’ இரண்டுமே எனக்கு நிறைவாக இல்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நண்பர்கள் முந்திரித் தோப்புகளில் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும். அதன் அடியில் யாரும் போகக் கூடாது என்ற வரியை, பெயருக்காகக் காத்திராமல், வரைவில் இப்போதே சேர்த்துவிட்டேன்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து