பித்தப்பை வீக்கத்துக்கு மருத்துவ ஆய்வில் சேர்வது எப்படி?

மதுரைக்காரன்:
அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், கூடவே வீக்கம். வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும் வலி முதுகு வரை போகிறது, ஆனாலும் ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரே அடம். ஏதாவது ஆய்வில் சேர்க்கலாமா, எங்கே தேடுவது?

நித்யா:
சிடிஆர்ஐ (CTRI) தளத்தைப் பாருங்கள், இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளின் பதிவேடு அது, காசு கிடையாது. பித்தப்பை வீக்கத்தின் மருத்துவப் பெயரான கோலிசிஸ்டைடிஸ் (cholecystitis) என்று ஆங்கிலத்தில் தேடினால் எந்த ஊர், வயது வரம்பு, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, யாரைக் கேட்பது எல்லாம் இருக்கும்.

செல்வம்:
தம்பி, ஆபரேஷனிலிருந்து தப்பிக்க ஆய்வைத் தேடினால் ஏமாற்றம்தான். பல ஆய்வுகள் அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை. 2013இல் வந்த ஜெர்மன் ஆய்வில் மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத்தான் சிக்கல் குறைவு. காய்ச்சலோ மஞ்சள்காமாலையோ வந்தால் தேடலை விட்டுவிட்டு நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மதுரைக்காரன்:
சரி அண்ணே. சுகர் இருக்கிறது, எடுப்பார்களா?

நித்யா:
அது ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்குங்கள், அம்மாவே படித்துக் கையெழுத்துப் போடட்டும். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மருத்துவமனை நிறுத்தக் கூடாது.