செஷ்ஷுவின் மை ஓவியத்துக்கு அருங்காட்சியகம் சரியான இடமா?

மைத்துளி:
ஜப்பானின் ஜென் பௌத்தத் துறவியும் ஓவியருமான செஷ்ஷு 1495இல் வரைந்த சிதறுமை நிலக்காட்சியின் நகலை, அசல் அளவிலேயே, வீட்டில் மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், அகலம் ஒரு முழம்கூட இல்லை. அடியில்தான் ஓவியம். ஈர மையை வாரி இறைத்த மாதிரி ஒரு பாறை. அதன் காலடியில் நாலைந்து கோடுகளில் ஒரு மதுக்கடைக் கொடி, தண்ணீரில் படகு, அதில் இரண்டு பேர். ஊர் திரும்பும் சீடன் சோஎன் கேட்டான் என்று 76 வயதில் வரைந்து, தன் கையால் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். சோஎன் அதைக் கியோட்டோவுக்குக் கொண்டுபோக, ஆறு ஜென் துறவிகள் மேலே கவிதை எழுதினார்கள்.

குருவும் சீடனும் கைமாற்றிய அந்தப் பொருள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேகரிப்பாளர் கைக்குப் போய், அங்கிருந்து அருங்காட்சியகம் சேர்ந்ததோடு இந்த ஓவியங்களின் உயிர் போய்விட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தாழை:
நான் மறுக்கிறேன். 1868இல் ஜப்பானின் புதிய மெய்ஜி அரசு, நாட்டின் பழைய மதமான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபின் பௌத்தக் கோயில்களுக்கு நேர்ந்த கதியை மறந்துவிட்டீர்கள். சிலைகளை உடைத்தார்கள், சுவடிகளை எரித்தார்கள். வருமானம் இழந்த மடங்கள் கையில் இருந்ததை விற்றன. வாங்க ஆள் இல்லையென்றால் பல ஓவியங்கள் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

1878இல் டோக்கியோவுக்குப் பாடம் நடத்த வந்த அமெரிக்கர் ஃபெனொலோசா தேடித் தேடி வாங்கினார். 1886இல் தன் சேகரிப்பை வெல்ட் என்ற பாஸ்டன் மருத்துவருக்கு விற்றபோதும், அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சில்லறையாகச் சிதற விடவில்லை.

மைத்துளி:
அதே ஃபெனொலோசா ஜப்பான் அரசுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ப் பழம்பொருள்களை ஆய்வு செய்தவர். அதே காலத்தில் தனக்கும் வாங்கிக்கொண்டிருந்தார். கோயில் சொத்தைக் காக்கும் சட்டம் 1897இல்தான் வந்தது. அதற்குள் கடல் தாண்டியது தாண்டியதுதான். இதைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருதன்:
நடுவில் ஒரு வார்த்தை. சுரைக்காய்க் குடுவையால் கெளுத்தி மீனைப் பிடிக்கப் பார்க்கும் ஆளின் ஓவியம் ஒன்று உண்டு, ஜோசெட்சு என்ற ஜென் துறவி வரைந்தது, 1415 வாக்கில். அது இன்றும் கியோட்டோவில் மியோஷின்-ஜி மடத்தைச் சேர்ந்த தைசோ-இன் கோயிலுக்குத்தான் சொந்தம். அசல் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில், நகல் கோயிலில். இப்படியும் செய்யலாமே?

தாழை:
நல்ல உதாரணம், மருதன். ஆனால் அந்த ஓவியம் பிறந்தபோது இன்று போல மாட்டும் சுருளே இல்லை. ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர், அஷிகாகா யோஷிமோச்சி தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் செய்வித்த சிறு தடுப்புப் பலகையில் இருந்தது. பிற்பாடுதான் பிரித்துச் சுருளாக்கினார்கள். இன்னொன்று, முச்சி என்ற சீனத் துறவி வரைந்த எட்டுக் காட்சிகள். சீனாவிலிருந்து நீளச் சுருளாக வந்தது. மாட்டி வைக்க வசதி என்று ஷோகன் யோஷிமிட்சு காலத்தில் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். அருங்காட்சியகம் என்ற சொல்லே இல்லாத காலம் அது. மைத்துளி சொல்லும் கை படாத பழைய இடம் எப்போது இருந்தது?

மைத்துளி:
சரி, வெட்டினார்கள். ஆனால் அவர்கள் அதோடு வாழ்ந்தார்கள். குடுவையால் மீனைப் பிடிப்பது எப்படி என்று ஷோகன் கேட்க, 31 துறவிகள் ஆளுக்கொரு கவிதை எழுதிச் சேர்த்தார்கள். ஓவியம் வளர்ந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு யார் அதில் ஒரு வரி சேர்க்க முடியும்? ஆண்டுக்கு 60 நாளுக்கு மேல் தேசியச் செல்வம் என்று அரசு அறிவித்த இப்படிப்பட்ட ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பது அங்கே பொது விதி. மீதி நாளெல்லாம் இருட்டில்தான்.

தாழை:
அந்த இருட்டும் சேர்ந்துதான் ஐந்நூறு வருடக் காகிதத்தை இன்னும் சிதையாமல் காக்கிறது. நீங்கள் சொல்லும் வாழ்க்கை ஒரு ஷோகனுக்கும் அவர் அழைத்த துறவிகளுக்கும்தான் வாய்த்தது. நானோ நீங்களோ அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. உங்கள் சுவரில் இருக்கிற நகல் எங்கிருந்து வந்தது? செஷ்ஷு யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருந்தால் அந்தப் படகைப் பார்த்திருப்பீர்களா?

மைத்துளி:
இல்லை, பார்த்திருக்க மாட்டேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1486இல் செஷ்ஷு வரைந்த நீண்ட நிலக்காட்சிச் சுருளை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் ஹோஃபு நகரில் மோரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 16 மீட்டர் போல நீளம். அது கையால் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பார்த்த இடத்தைச் சுருட்டிக்கொண்டே பார்ப்பதற்காக வரைந்தது. இளவேனிலில் நடக்க ஆரம்பித்தவர் பனிக்காலத்தில் வந்து சேர வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் முழுசாக விரித்து வைத்தால் நாலு பருவமும் ஒரே சமயம் கண்ணில் படும். இதற்கு உங்களிடம் என்ன பதில், தாழை?