மலையகத்தில் குடியேறுபவர்கள் வீட்டு இணைய வேகத்தை அளந்து பார்க்கும் முறை

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ குடும்பத்தோடோ இலங்கை மலையகத்துக்கு வந்து சேர்பவர்கள், வீட்டு வாடகையைப் பேசி முடிப்பதற்கு முன்பே இணையத்தைப் பற்றி விசாரித்துவிட வேண்டும். சமவெளி நகரங்களில் அடுத்த வீட்டில் இணையம் நன்றாக ஓடினால் நம் வீட்டிலும் ஓடும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் அந்தக் கணக்கு செல்லாது. 4ஜி அலைகள் மலையைத் துளைத்து வருவதில்லை என்பதால், டவர் நேரே தெரியும் சரிவில் இருக்கும் வீட்டுக்கும், அதே மேட்டின் மறுபுறத்தில் சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கும் இடையே வேகம் பல மடங்கு வேறுபடலாம்.

முதலில் கேட்க வேண்டியது, ஃபைபர் இணைப்பு அந்த வீட்டு வாசல் வரை வருமா என்பதே. வருமென்றால் அதையே எடுங்கள். மிகச் சிறிய பெக்கேஜாக இருந்தாலும் அதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து. பழைய செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு, தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக வேகத்தை இழக்கும். அதன் உச்ச வரம்பே நொடிக்கு 24 மெகாபிட்தான். நிலையத்துக்கு நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு அதில் சொற்பமே வந்து சேரும். 2025 ஜூலை முதல், செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவையும் இலங்கையில் கிடைக்கிறது. ஆனால் அதற்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில், உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டில் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

4ஜி மட்டுமே வழி என்றால், ரவுட்டருக்குப் பணம் கட்டுமுன் டயலொக், மொபிடெல், ஹட்ச் சிம்களைக் கைபேசியில் போட்டு, குடியிருக்கப் போகும் அதே வீட்டுக்குள் நின்று, ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் போன்ற வேகம் அளக்கும் செயலியால் சோதியுங்கள். வாசலில் நின்று எடுத்த அளவை நம்ப வேண்டாம். தகரக் கூரையும் பழைய பங்களாக்களின் தடித்த கற்சுவரும் அலையைப் பெருமளவு தடுத்துவிடும். வீட்டு ரவுட்டரும் கைபேசியும் எப்போதும் ஒரே அலைவரிசையில் இயங்குவதில்லை என்பதால், திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்பதையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனையில் கிடைக்கும் எண்ணைச் சரியாகப் படிப்பது அடுத்த வேலை. நிறுவனங்கள் சொல்வது மெகாபிட். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது; அதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை. அந்த வேகத்தில் பத்து நொடி ஓடும் சோதனை, பதிவிறக்கத்துக்கு மட்டுமே 125 மெகாபைட் வரை தின்றுவிடும். இங்குள்ள பெக்கேஜ்களில் பலவற்றுக்கு மாத வரம்பு இருப்பதால், சோதனையையும் அளவோடு செய்ய வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பதிவிறக்க எண்ணை மட்டும் பார்ப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 மெகாபிட்தான். வீடியோ கூட்டத்தில் உங்கள் குரல் வெட்டுப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் பதிவேற்ற வேகமும் தாமதமும்தான். தாமதம், அதாவது தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லி நொடியில் காட்டப்படும். அது ஒரே சீராக இல்லாமல் 40, 300, 60 என்று தாவினால், பதிவிறக்கம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பேச்சு சிதறும். ஊக்லா செயலி தானாகவே பக்கத்துச் சேர்வரைத் தேர்ந்தெடுப்பதால், கிடைக்கும் விடை கொழும்பு வரையிலான பாதையை மட்டும் காட்டக்கூடும். உங்கள் அலுவலகம் சென்னையில் இருந்தால், சேர்வர் பட்டியலில் சென்னையைத் தேர்ந்து மறுபடி அளந்து பாருங்கள். கடலடிக் கேபிளைத் தாண்டிய பிறகு கிடைக்கும் அளவே உங்களுக்குப் பயன்படும்.

ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காலை, நண்பகல், இரவு 8 மணி ஆகிய மூன்று வேளையும் சில நாட்களுக்கு அளந்து பார்த்தால், டவரில் நெரிசல் ஏறும் நேரம் தெரிந்துவிடும். கேபிள் வழியாக மடிக்கணினியை ரவுட்டரில் நேரே இணைத்து ஒரு முறை அளந்து பாருங்கள். அப்போது வேகம் நன்றாக இருந்து, அறைக்குள் மட்டும் குறைந்தால், குறை வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது. 4ஜி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டவரிலிருந்து வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்றொரு எண் இருக்கும். மைனஸ் 85 அளவில் இருந்தால் நல்லது; மைனஸ் 115 என்றால் ரவுட்டரை டவர் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள், அதுவும் போதாவிட்டால் வெளியே ஆன்டெனா பொருத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகு வேகம் வரவில்லையென்றால், நாளும் நேரமும் தெரியும் சோதனைப் படங்களோடு நிறுவனத்தில் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், அந்த இலக்கத்தோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.