விசாவுக்குக் காட்டுற பணமும் அங்கே போய்க் கரையுற பணமும்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள் (இணையத்தில் நடந்த உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

ஜங்ஷன் பாலம்

வெளிநாட்டுப் படிப்புக்கு ஏஜென்ட் கொடுக்கிற ஒத்தைத் தாள்ல ஃபீஸும் விசாக் கட்டணமும் மட்டும்தான் இருக்கு. மிச்சமெல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகு ஒவ்வொண்ணா வெளியே வருது. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரும் அக்காமாரும் எங்கெங்க சிக்கும்னு எழுதுங்க. சொந்தக் கதை வேண்டாம். தொகை, தேதி, தாள், இது மூணும் போதும்.

மேலரதவீதி

பிரிட்டனில் இருந்து தொடங்குறேன். அங்கே விசா மறுக்கப்பட்டுத் திரும்புறதுல பல, பணம் இல்லாததால் இல்லை, பணம் இருந்த விதத்தால்.

2025 நவம்பர் 11 முதல் காட்ட வேண்டிய தங்கும் செலவு லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, லண்டனுக்கு வெளியே 1,171. படிப்பு ஒரு வருஷமானாலும் 9 மாதத்துக்குக் காட்டினால் போதும். லண்டனுக்கு வெளியே அது 10,539 பவுண்டு. இதோடு கட்டாமல் பாக்கி இருக்கும் முதல் வருஷ ஃபீஸைச் சேர்க்கணும். ஃபீஸ் 17,000, முன்பணம் 6,000 கட்டியாச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி 11,000, ஆக மொத்தம் 21,539 பவுண்டு. அந்த முன்பணம், பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதியான காஸ் கடிதத்தில் ஏறியிருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்கணும்.

இந்தத் தொகை 28 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்கணும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. 28 நாள் முடிகிற தேதிக்கும் விண்ணப்பத் தேதிக்கும் இடையில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. ரூபாய்க் கணக்கை ஓஆன்டா என்ற நாணய மாற்று இணையதளத்தின் விலையில்தான் மாற்றிப் பார்ப்பார்கள், நம்ம வங்கி சொல்கிற விலையில் இல்லை. ரூபாய் சரிந்தால் 28 நாளும் வீணாகும், அதனால் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாகவே வையுங்கள்.

யார் கணக்கு என்பதில்தான் நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மாணவர் கணக்கு, இல்லையென்றால் அப்பா அம்மா கணக்கு. சித்தப்பா, தாய்மாமா, துபாயில் இருக்கிற அண்ணன் யாருடையதும் செல்லாது. அண்ணன் அனுப்புகிற பணம் அப்பா கணக்குக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்துதான் 28. அப்பா கணக்கு என்றால் மாணவரின் பிறப்புச் சான்றும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று அப்பா எழுதிய கடிதமும் கூடவே போகணும்.

கொக்கிரகுளம்

அண்ணாச்சி, எஃப்டி காட்டலாமா? நகை, பிஎஃப்?

மேலரதவீதி

நகை, நிலம், ஷேர், பிஎஃப் எதுவும் ஆகாது. எஃப்டி என்றால் முதிர்வுக்கு முன்னாலேயே எடுக்கலாம் என்று வங்கிக் கடிதத்தில் தெளிவாக இருக்கணும், அதன் மேல் கடன் வாங்கியிருக்கக் கூடாது. 28 நாளுக்கு நடுவில் எஃப்டியை உடைத்து சேமிப்புக் கணக்கில் போட்டால் இரண்டு கணக்கின் ஸ்டேட்மென்டும் ஒரு நாள்கூட விடாமல் தொடரணும். கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக்கை நம்பிப் போக வேண்டாம். கணினிப் பதிவும் சரிபார்க்க வழியும் இல்லாத கணக்கை அவர்கள் தள்ளலாம். ரிசர்வ் வங்கிப் பட்டியலில் உள்ள ஷெட்யூல்டு வங்கிக்கு மாற்றிவிட்டு நாள் எண்ணுங்கள்.

அம்பை வாய்க்கால்

நான் கடன் பக்கம் சொல்லுதேன். கல்விக் கடனுக்கு 28 நாள் கணக்கே கிடையாது. அனுமதிக் கடிதம் மாணவர் பேர்ல, விண்ணப்பத்துக்கு முந்தின 6 மாசத்துக்குள்ள தேதி போட்டு இருந்தாச் சரி. ஆனா அந்தக் கடிதம் கைக்கு வாரதுக்குள்ள என்ன பாடுன்னு கேளுங்க.

பொதுத்துறை வங்கி மாதிரித் திட்டத்துல 4 லட்சம் வரை ஈடு இல்லை. 7.5 லட்சம் வரை சொத்து கேட்க மாட்டாங்க, சில வங்கி மூணாம் ஆள் ஜாமீன் கேட்கலாம். அதுக்கு மேல சொத்து. வெளிநாட்டுப் படிப்புன்னா 15 சதவீதம் நம்ம பங்கு. ஆத்துப் பாசனத்துல ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு, அதை வச்சிரலாம்னு வாரவுகதான் அதிகம். வங்கி அதைத் தொடத் தயங்கும். காரணம் மேனேஜர் மனசு இல்லவே, சட்டம். கடன் நின்னுபோனா கோர்ட்டுக்குப் போகாம சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் கொடுத்த 2002 சர்ஃபாசி சட்டம், விவசாய நிலத்தை அதிலேருந்து விலக்கி வச்சிருக்கு. சட்டுன்னு விக்க முடியாத ஈட்டை எவன் வாங்குவான்? வீடு, மனை, கடைன்னாத்தான் பேச்சு ஓடும்.

வீடுன்னாலும் தாத்தா பேர்லயே பத்திரம் கிடக்கும். அப்போ வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா மாற்றம் எல்லாம் முடிச்சாகணும். கூட்டுப் பட்டாவா இருந்து ஒரு பங்காளி மும்பையில இருந்தா அவர் கையெழுத்துக்கே ரெண்டு மாசம் போயிரும். மூலப் பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி, இதெல்லாம் வக்கீல் கருத்துக்குப் போகும். அப்புறம் மதிப்பீட்டாளர் வருவாரு. பத்திரத்துல இருக்கிற நாலெல்லையும் தரையில இருக்கிறதும் ஒத்துவரலைன்னா அங்கேயே நிக்கும். செப்டம்பர் சேர்க்கைக்கு முந்தின வருஷம் டிசம்பர்லயே பத்திரப் பெட்டியைத் திறந்துரணும்.

பாளை மார்க்கெட்

இனிஷியல் விவகாரத்தை யாரும் தொடலை. பாஸ்போர்ட்டில் மகன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து இனிஷியல். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் இனிஷியலே இல்லாமல். அப்பாவின் வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால். நமக்கு இது ஒரே ஆள். விசா அதிகாரிக்கு நாலு பேர். நோட்டரி அஃபிடவிட் ஓரளவுதான் உதவும். அதைவிட அப்பாவின் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் வரும்படி திருத்திவிட்டு, அந்தப் பெயரில் ஸ்டேட்மென்ட் எடுப்பது சுத்தம். இதையும் 28 நாள் தொடங்குவதற்கு முன்பே முடிக்கணும். குழந்தையின் பெயரே ஏறாத பழைய பிறப்புச் சான்று என்றால் பதிவு செய்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலில் பெயர் சேர்க்கணும்.

தென்காசிச் சாரல்

ஜெர்மனி. ஃபீஸ் இல்லை என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு: பேடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வசூலிக்கிறது. மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் செமஸ்டர் பங்களிப்பு என்ற சிறு தொகை மட்டும்.

முதல் வேலை ஏபிஎஸ் சான்று, அதாவது நம்ம படிப்புச் சான்றுகள் உண்மைதான் என்று ஜெர்மனி தரப்பு சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் வேண்டும், மொத்தப் பட்டியல் மட்டும் போதாது. அரியர் எழுதின தாளை ஒளிக்க வேண்டாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் கல்லூரி என்றால் அபிஷேகப்பட்டி, பொறியியல் என்றால் பெரும்பாலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகம். டிரான்ஸ்கிரிப்டுக்கு அங்கே சீக்கிரமே எழுதிப் போடுங்கள். பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பங்களைப் பொதுவாக வாங்கிப் பார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்ததற்கு 30.

மொத்தமாகப் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கிற முடக்குக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. அது மாதம் 992 ஆக அவிழும். ஆனால் இறங்கின அன்றே அவிழாது. வீட்டுக்காரர் கொடுக்கும் குடியிருப்பு உறுதித் தாள் இருந்தால்தான் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு. பல வங்கிகள் அந்தப் பதிவைப் பார்த்த பிறகுதான் கணக்குத் திறக்கும். அங்கே கணக்கு வந்தால்தான் முதல் 992. தற்காலிக விடுதிகள் பெரும்பாலும் அந்தத் தாளைத் தருவதில்லை. ஆக, முதல் நாலைந்து வாரம் கையில் தனியாக 1,000 யூரோவாவது இருக்கணும். வீட்டு முன்பணம் வேறு, வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கெம்னிட்ஸ், மாக்டபுர்க் மாதிரி கிழக்கு ஊரில் மாணவர் விடுதி அறை மாதம் 250 முதல் 350 யூரோ. 30 வயதுக்குள் என்றால் அரசு மருத்துவக் காப்பீடு 145 அளவில். வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு 18.36, டிவி இல்லையென்றாலும் உண்டு. நாலு பேர் இருந்தால் பகிரலாம். சமைத்துச் சாப்பிட்டால் 180 முதல் 200. 992-க்குள் மிச்சம் பிடிக்கலாம். மியூனிக்கில் வெளி அறையே 700-ஐத் தாண்டும். ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் செலவைத் தேர்ந்தெடுப்பது, தரவரிசைப் பட்டியலை அப்புறம் பாருங்கள்.

வள்ளியூர்க்காரன்

பிரிட்டனுக்கு இன்னும் கொஞ்சம். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டாக இருந்தது. ஆனால் ஒரு வருஷ முதுகலைக்கு சுகாதாரக் கட்டணம் வருஷத்துக்கான 776 மட்டும் இல்லை. படிப்புக்குப் பிறகு 4 மாதம் சேர்த்து விசா தருவதால் ஒன்றரை வருஷக் கணக்காகி 1,164 ஆகும்.

காசநோய்ச் சோதனையை அவர்கள் அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான் எடுக்கணும். சென்னையில் இருக்கு. பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சான்று 6 மாதம் நிற்கும். எக்ஸ்ரேயில் பழைய நிழல் தெரிந்தால் சளிக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், அது 8 வாரம் வரை இழுக்கும், அதனால் இதைக் கடைசிக்கு வைக்காதீங்க. காலை அப்பாயின்ட்மென்டுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் சரி, வந்தே பாரத் மதியம்தான் போய்ச் சேரும்.

வேலை: பட்டப்படிப்பு நிலையில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். சாப்பாடு டெலிவரி பண்ணலாம்னு சொல்ற சீனியரை நம்பாதே மக்கா. அது சுயதொழில் கணக்கு, மாணவர் விசாவில் தடை. விசாவே போகும்.

கொக்கிரகுளம்

பணம் அனுப்பும்போது வங்கியில் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிக்காங்களே, அது திரும்பி வருமா?

மேலரதவீதி

2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. வருமான வரிச் சட்டம் ஏற்கும் வங்கியில் வாங்கின கல்விக் கடனில் இருந்து போனால் எவ்வளவு போனாலும் இல்லை, கடன் கணக்கில் இருந்து நேரே அனுப்பச் சொல்லுங்கள். சொந்தப் பணம் என்றால் வரம்பு அனுப்புகிறவர் பான் எண்ணுக்கு. அப்பா ஒரு பகுதி, அம்மா ஒரு பகுதி அனுப்பலாம். மார்ச் 31-க்கு முன் ஒரு தவணை, பின் ஒரு தவணை என்றும் பிரிக்கலாம். பிடித்தது பான் எண்ணுக்கான வரிக் கணக்குத் தாளில் (26ஏஎஸ்) ஏறும். அப்பாவுக்கு வரி வருமானமே இல்லையென்றாலும் அந்த வருஷம் ரிட்டர்ன் போட்டால்தான் பணம் திரும்பும்.