ஹாலோவீன் விருந்துக்கு என்ன பானம் கொடுக்கலாம்? யோசனை சொல்லுங்க

வணக்கம் மக்களே. டொராண்டோவில் இருக்கிறோம். அக்டோபர் 31 சாயங்காலம், பிள்ளைகள் மிட்டாய் வாங்கிவிட்டு வந்ததும் எங்கள் வீட்டில்தான் விருந்து. பெரியவர்களுக்கு காக்டெயில், பிள்ளைகளுக்கு அதே தோற்றத்தில் மது இல்லாத பானம் வேண்டும்.

ஒன்று முடிவாகிவிட்டது. காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் அடர்நீலச் சாறு. எலுமிச்சை பிழிந்ததும் கண்ணெதிரே ஊதாவாகிவிடும். பிள்ளைகளே பிழிந்து பார்க்கட்டும் என்று ரொம்ப ஆசை!

பெரியவர்களுக்கு இதிலேயே ஜின்னும் டானிக் வாட்டரும் (கசப்பான சோடா) சேர்க்கலாம் என்றால், டானிக்கில் உள்ள சிட்ரிக் அமிலம் முன்கூட்டியே நிறத்தை மாற்றிவிடுகிறது. ஆனால் அதிலுள்ள குயினின் என்ற கசப்புப் பொருள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். அதை விடவும் மனமில்லை. இரண்டும் கிடைக்க என்ன செய்யலாம்? தனித்தனி கிளாஸ்தானா?

லிச்சிக்குள் புளூபெர்ரி திணித்துக் கண்முழி செய்யப்போகிறேன். கிளாஸ் விளிம்பில் ரத்தம் வழிவதுபோல் செய்ய எந்தச் சிரப் கெட்டியாக நிற்கும்? சைவம் சாப்பிடுகிறவர்களும் வருவதால் ஜெலட்டின் வேண்டாம்.

டிரை ஐஸை (உறைந்த கார்பன் டைஆக்சைடு) கிளாசுக்குள் போடும் யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம். துண்டு விழுங்கினால் கடுங்குளிரில் உள்ளே புண்ணாகிவிடும். வெளிப் பாத்திரத்தில் வைத்துப் புகைவிட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்க.