மறு: ‘சுவாசிக்கத்தக்க தூசு’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

> ரெஸ்பிரபிள் டஸ்ட் = சுவாசிக்கத்தக்க தூசு
> சைக்ளோன் சாம்ப்ளர் = சூறாவளி மாதிரியெடுப்பி

ஐயா, தூசு அளக்கும் கையேட்டுக்கு நீங்கள் முன்மொழிந்த இந்த இரண்டு சொற்களுக்கும் மனம் ஒப்பவில்லை. ‘குடிக்கத்தக்க நீர்’ என்றால் நல்ல நீர். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் ‘சுவாசிக்கத்தக்க தூசு’ என்று எழுதி ஒட்டினால், சல்லடை அறையில் நாள் முழுக்க நிற்கும் அக்காமார் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? கெடுதல் இல்லாத தூசு என்றுதான். பொருளே தலைகீழாகிவிடும். வெறுமனே ‘டஸ்ட்’ என்றும் விட முடியாது. அங்கே அது டீத்தூளின் ரகப் பெயர்.

மூக்குவழி நுழையும் எல்லாத் தூசும் ரெஸ்பிரபிள் டஸ்டில் சேராது. மூச்சுக்குழல் கிளைகளைத் தாண்டி நுரையீரலின் நுண்ணறைகள்வரை போவது மட்டுமே கணக்கு. 4 மைக்ரான் அளவுத் துகள்களில் பாதி அவ்வளவு ஆழம் போகும் என்பது ஐஎஸ்ஓ 7708 என்ற அனைத்துலகத் தரம் வகுத்த வரையறை. ஆகவே ‘நுண்ணறைத் தூசு’ என்பேன். மூக்கு, வாய்வழி நுழையும் தூசு முழுவதையும் குறிக்கும் இன்ஹேலபிள் டஸ்டுக்கு ‘உள்ளிழு தூசு’ என்று தனிச்சொல் இருக்கட்டும்.

‘சூறாவளி’ என்றதும் வானிலை அறிக்கைதான் நினைவுக்கு வரும். சைக்ளோன் சாம்ப்ளர் என்பது தூசு மாதிரி எடுக்கத் தொழிலாளியின் சட்டைக் காலர் அருகே மாட்டும் சின்னக் கூம்பு. அதில் காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. பெரிய துகள்கள் சுவரோரம் ஒதுங்கி அடிக்கிண்ணத்தில் விழுகின்றன. நுண்துகள்கள் நடுவே மேலேறி வடிதாளில் (ஃபில்டரில்) படிகின்றன. சுழற்றிப் பிரிப்பதால் ‘சுழல்பிரிப்பி’.

சொல் நிற்குமா என்று கையேட்டு வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

“சுழல்பிரிப்பியைக் கவிழ்க்காதீர்கள்; கிண்ணத்துத் தூசு வடிதாளில் கொட்டினால் மாதிரி வீண்.”

“10 மி.மீ. நைலான் சுழல்பிரிப்பிக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று. ஓட்டம் குறைந்தால் பெரிய துகளும் வடிதாளுக்கு ஏறிவிடும்.”

தடங்கலின்றி ஓடுகிறது. இரண்டாவதோடு நம் மலைக்கென்று ஒரு வரியும் சேர வேண்டும். குன்னூரில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் அளவுதிருத்தம் செய்த, காற்றோட்டம் அளக்கும் மிதவை ஓட்டமானியை (ரோட்டாமீட்டரை) அப்படியே மேலே கொண்டுவந்து நம்பினால் கணக்கு பிசகும். சுழல்பிரிப்பி வழியே காற்றை இழுக்கும் பம்பின் ஓட்டத்தை மாதிரி எடுக்கும் இடத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

‘வடிதாள்’ மட்டும் எனக்கு நிறைவாக இல்லை. பெரும்பாலும் பயன்படுவது தாள் அல்ல, பிவிசி சவ்வு. ‘வடிசவ்வு’ என்று மாற்றலாமா? ஆய்வகத்தில் எடை போடுபவர்கள் சொல்லுங்கள்.