நீண்ட ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரர்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மிச்சிகனிலிருந்து:

பேஸ்பால் அணி ஒன்று எட்டு வருஷம், பத்து வருஷம் என்று ஒப்பந்தம் போட்டால் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் டெட்ராய்ட் டைகர்ஸை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறவன், எனக்குப் படுவது வேறு. பணம் முதலாளியுடையது, அவர் எப்படியாவது சரிக்கட்டிக்கொள்வார். ஆனால் அணியில் இருப்பது மொத்தம் 26 இடம், 2020க்கு முன்பு 25தான். அதில் ஒன்றை ஒருவருக்கு நாற்பது வயதுவரை எழுதிக் கொடுத்தால் அந்த இடம் அவ்வளவு நாளும் போனதுதான். எங்கள் பெரிய அடிப்பாளர் மிகெல் கப்ரேரா விஷயத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், மற்ற ஊர்க்காரர்களும் உங்கள் அணியில் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

2014 மார்ச் கடைசி. சீசன் தொடங்கப் போகிறது. கப்ரேராவின் பழைய ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, அது முடியும்வரை காத்திருக்காமல் அதன்மேல் இன்னும் எட்டு வருஷம், 248 மில்லியன் டாலர் என்று அறிவித்தார்கள். சாதாரண ஆளுக்கு இல்லை: மூன்று முக்கிய அடிப்புக் கணக்குகளிலும் ஒரே சீசனில் லீகில் முதலிடம் பிடிப்பதுதான் டிரிப்பிள் கிரௌன், 1967க்குப் பிறகு யாருக்கும் கிடைக்காத அதை 2012இல் எடுத்தவர், 2012, 2013 இரண்டு வருஷமும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி). ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெட்ராய்ட்காரர்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் புது வருஷங்கள் தொடங்கும்போது அவருக்கு 33 வயது, முடியும்போது 40. அதைச் சொன்னால் கேட்கும் மனநிலையில் அன்றைக்கு யாரும் இல்லை.

அதே மாதத்தில்தான் எங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்) மேக்ஸ் ஷெர்சர், டைகர்ஸ் கொடுத்த ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொன்னார். ஆறு வருஷம், 144 மில்லியன் என்று அப்போது எழுதினார்கள். அடுத்த ஜனவரியில் அவர் வாஷிங்டனோடு ஏழு வருஷம், 210 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டு, 2016, 2017 இரண்டிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கி, 2019இல் உலகத் தொடர் கோப்பையும் தூக்கிவிட்டார். அவரை விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காக ஒன்று. பேஸ்பாலில் எழுதிய சம்பளம் எழுதியதுதான், ஆளை அணியைவிட்டு அனுப்பினாலும் மிச்சம் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். உச்ச மட்டமான மேஜர் லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு ட்ரேட் பண்ணவும் முடியாது. கப்ரேராவுக்கு அந்த உரிமை இருந்தது.

2016இல் அருமையாக ஆடினார், 38 ஹோம் ரன். அடுத்த வருஷம் முதுகு வலி, சராசரி .249, அதாவது நாலு முறைக்கு ஒரு ஹிட் (அடித்து பேஸில் பத்திரமாகச் சேர்வது) என்றுகூட வரவில்லை. 2018 ஜூனில் கையின் பைசெப்ஸ் தசைநார் அறுந்து சீசன் அங்கேயே முடிந்தது. அப்புறம் முழங்கால். களத்தில் நிற்பது குறைந்து குறைந்து கடைசியில் பந்து அடிக்க மட்டும் வரும் டெசிக்னேட்டட் ஹிட்டர் ஆனார். அந்த ஒரு இடத்தை மற்ற அணிகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பாருங்கள்: இன்று கேட்சருக்குக் கால் ஓய்வு, நாளை லேசாக அடிபட்ட அவுட்ஃபீல்டருக்கு, அடுத்த நாள் கீழ்மட்டமான மைனர் லீகிலிருந்து வந்த இளம் பையனுக்கு. எங்கள் மேனேஜர்களுக்கு அந்த வசதியே இல்லை. 2019இல் 114 ஆட்டம் தோற்றோம், எதையும் இழக்கப் போவதில்லை என்ற அந்த நேரத்தில்கூட பத்து இளைஞர்களை மாற்றி மாற்றிப் பரிசோதிக்க வேண்டிய இடத்தில் ஒருவரேதான் இருந்தார்.

இதையெல்லாம் சொன்னபிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் அவர் மூவாயிரமாவது ஹிட் அடித்தபோது நான் மகனோடு எங்கள் மைதானமான கொமெரிகா பார்க்கில் இருந்தேன். இரண்டு நாள் முன்பு நியூயார்க் யாங்கீஸ் அவரை அடிக்கவே விடாமல் வேண்டுமென்றே வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்ப, மைதானமே கத்தித் தீர்த்திருந்தது. வெள்ளிக்கிழமை மழை. சனிக்கிழமை முதல் இன்னிங்ஸிலேயே கொலராடோவின் சென்சடேலா போட்ட பந்தை வலது பக்கம் தட்டிவிட்டார். எதிரணி ஷார்ட்ஸ்டாப் இக்லேசியாஸ், ஒரு காலத்தில் எங்கள் அணியில் அவரோடு ஆடியவர், ஓடிவந்து கட்டிக்கொண்டார். பக்கத்து இருக்கைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த நாளுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த வருஷம் 96 ஆட்டம் தோற்றோம். எனக்கு இரண்டும் ஒரே கணக்கில்தான் வருகின்றன.

பால்டிமோரிலிருந்து:

அண்ணா, இடம் என்று சொன்னீர்கள் பாருங்கள், எங்கள் ஓரியோல்ஸில் அதை வருஷக்கணக்கில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எங்கள் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் கிறிஸ் டேவிஸ். 2013இல் 53 ஹோம் ரன், 2015இல் 47. 2016 ஜனவரியில் ஏழு வருஷம், 161 மில்லியன். அதில் 42 மில்லியனைத் தள்ளிவைத்து 2037 வரை தவணையாகக் கொடுக்கிறார்கள், அதாவது இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் அந்தச் செக் போய்க்கொண்டிருக்கும்.

எனக்குப் பொறுக்காதது என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம்தான் நெல்சன் குரூஸை விட்டார்கள். எங்களுக்காக 2014இல் 40 ஹோம் ரன் அடித்த ஆள். வயது 34 ஆகிவிட்டது, நாலு வருஷம் தர முடியாது என்றார்கள். சியாட்டல் நாலு வருஷம், 57 மில்லியன் கொடுத்தது. அங்கே போய் 44, 43, 39, 37 என்று வரிசையாக அடித்தார். அவருக்கு நாலு அதிகம் என்றவர்கள் டேவிஸுக்கு ஏழு கொடுத்தார்கள். டேவிஸ் அடிக்கும் விதம் தெரிந்தவர்கள் அப்போதே பயந்தார்கள். பந்து மட்டையில் பட்டால் மைதானத்துக்கு வெளியே, படாவிட்டால் மூன்று தவறில் அவுட் ஆகும் ஸ்ட்ரைக்அவுட், நடுவில் எதுவும் கிடையாது. முப்பது தாண்டி மட்டையின் வேகம் கொஞ்சம் குறைந்தாலே அப்படிப்பட்டவருக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்காது.

2018இல் சராசரி .168. அந்த வருஷக் கடைசியில் தொடங்கிய வறட்சி 2019 ஏப்ரல்வரை நீண்டு, தொடர்ந்து 54 முறை ஹிட்டே இல்லாமல் போய்ச் சாதனை ஆனது. அந்த ஏப்ரலில் எங்கள் மைதானமான கேம்டன் யார்ட்ஸில் நான் பார்த்த ஆட்டத்தில் கூட்டம் மிகக் குறைவு, அதனால் ஒவ்வொருவர் கத்துவதும் தனித்தனியாகக் கேட்டது. அவர் மட்டையோடு வரும்போது இருந்த கொஞ்சப் பேரும் எழுந்து கைதட்டினார்கள், நிஜமாகவே தைரியம் கொடுக்கத்தான். ஸ்ட்ரைக்அவுட் ஆகித் திரும்பும்போது அதே ஆட்களில் சிலர் கூச்சல் போட்டார்கள். அவர் தலை நிமிரவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியிறங்கி உள்ளே போனார். பிறகு பாஸ்டனில்தான் அந்த வறட்சி முடிந்தது.

அந்த நாட்களில் ட்ரே மான்சீனியைக் கவனித்தீர்களா? கல்லூரியிலும் மைனர் லீகிலும் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடி வளர்ந்தவர். அங்கே டேவிஸ் நிற்கிறார் என்பதற்காக அவரை வெளிக்களத்தில், லெஃப்ட் ஃபீல்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத இடத்தில் அவர் பந்துக்கு ஓடுவதைப் பார்த்தாலே சங்கடமாக இருக்கும். பந்தியில் ஒருவர் எழாவிட்டால் பின்னால் நிற்கிறவர் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

டேவிஸ் நல்ல மனிதர் என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் அவரும் மனைவியும் இங்கே குழந்தைகள் மருத்துவமனைக்கு 3 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார். கொடுத்ததை வாங்கியதில் அவர் தப்பு எதுவுமே இல்லை, நீட்டியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

செயின்ட் லூயிஸிலிருந்து:

நீங்கள் இருவரும் ஒப்பந்தம் போட்ட அணிகளைச் சொன்னீர்கள், போடாமல் விட்ட அணி எங்கள் கார்டினல்ஸ். ஆல்பர்ட் புஹோல்ஸ் எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லி முடியாது. புது ஆட்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் பதின்மூன்றாவது சுற்றில் எடுக்கப்பட்ட பையன், 2001இல் வந்த முதல் வருஷத்திலிருந்தே அடி, மூன்று எம்விபி, இரண்டு கோப்பை. 2011 அக்டோபர் கடைசியில் கோப்பை வென்றோம், ஆறு வாரத்தில் ஏஞ்சல்ஸ் பத்து வருஷம், 240 மில்லியன் கொடுத்துக் கூட்டிப்போய்விட்டது. என் வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் மாட்டியிருந்த, அவருடைய ஐந்தாம் நம்பர் போட்ட கொடியைக் கழற்றிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் விஷயம். அந்த டிசம்பரிலேயே கார்லோஸ் பெல்ட்ரானுக்கு இரண்டு வருஷம், 26 மில்லியன். 2012 மார்ச்சில் கேட்சர் யாடியர் மொலீனாவுக்கு ஐந்து வருஷம், 75 மில்லியன். ஃபர்ஸ்ட் பேஸில் இடம் காலியானதால் ஆலன் கிரெய்க், மேட் கார்பென்டர் என்று மாற்றி மாற்றி ஆட வைத்தார்கள். புஹோல்ஸ் போனதற்கு ஈடாக ஏஞ்சல்ஸிடமிருந்து வந்த டிராஃப்ட் வாய்ப்பில் எடுத்தவர்தான் பிட்சர் மைக்கேல் வாக்கா. 22 வயதில், 2013 நேஷனல் லீக் இறுதிச் சுற்றில் டாட்ஜர்ஸின் பெரிய பிட்சர் கெர்ஷாவை இரண்டு முறை தோற்கடித்து எங்களை உலகத் தொடருக்குக் கூட்டிப்போனார். 2012 முதல் 2015 வரை நாலு வருஷமும் பிளேஆஃப். புஹோல்ஸ் இருந்த காலம் முழுக்க ஏஞ்சல்ஸ் போனது ஒரே ஒரு முறை, 2014இல், அதிலும் மூன்று ஆட்டத்தில் வெளியே.

2019 ஜூனில் அவர் ஏஞ்சல்ஸ் சட்டையில் முதல் முறையாக புஷ் ஸ்டேடியத்துக்கு வந்தார். நாங்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனோம். முதல் முறை மட்டையோடு வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம், மொலீனா கைதட்டல் ஓயட்டும் என்று பிளேட்டைவிட்டு நகர்ந்து நின்றார். அப்புறம் எங்கள் பிட்சர் போட்ட பந்தையே ஹோம் ரன் அடித்தார், அதற்கும் நாங்கள்தான் கைதட்டினோம், வெளியே வந்து தொப்பியைத் தூக்கினார். பழைய கோபம் ஒருவருக்கும் இல்லை. ஆனால் அடுத்த முறை அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடுவது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், கால் அவ்வளவு பாழாகியிருந்தது.

2021 மே மாதம் ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தபோது அந்த வருஷச் சம்பளம் மட்டும் 30 மில்லியன். அதைக் கொடுத்துக்கொண்டே ஏன் அனுப்பினார்கள் என்றால் அண்ணா சொன்னதேதான்: டெசிக்னேட்டட் ஹிட்டர் இடத்தில் ஓட்டானி, ஃபர்ஸ்ட் பேஸில் ஜாரெட் வால்ஷ், இவருக்கு நிற்க இடமே இல்லை. 2022இல் எங்களிடம் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் திரும்பி வந்து 24 ஹோம் ரன் அடித்து, மொத்தம் 703 ஹோம் ரன்னோடு முடித்தார். ஒரு வருஷம், 2.5 மில்லியன்.

அட்லாண்டாவிலிருந்து:

சுருக்கமாக என்னுடையது. 2022 மார்ச்சில் பிரேவ்ஸ் எங்கள் ஃபர்ஸ்ட் பேஸ் ஆட்டக்காரர் ஃப்ரெடி ஃப்ரீமனை விட்டுவிட்டு ஓக்லாண்டிலிருந்து மேட் ஓல்சனை வாங்கி மறுநாளே எட்டு வருஷம், 168 மில்லியன் எழுதினார்கள். ஃப்ரீமனுக்கு 32 வயது, ஓல்சனுக்கு 28கூட ஆகவில்லை. அதைச் சொன்னபோது எங்கள் ஜெனரல் மேனேஜருக்கே தொண்டை அடைத்தது. அந்த ஜூனில் ஃப்ரீமன் டாட்ஜர்ஸ் ஆளாக, எங்களோடு 2021இல் வென்ற கோப்பைக்கான மோதிரம் வாங்க வந்து அழுதபோது என் மகளும் அழுதாள். ஓல்சன் 2023இல் 54 ஹோம் ரன் அடித்தார், ஃப்ரீமன் 2024 உலகத் தொடரின் எம்விபி. இரண்டு அணிக்கும் நல்லதாக முடிந்தது என்று இன்று சொல்லலாம், ஆனால் ஆளை மாற்றும் துணிச்சல் எங்களுக்கு எப்படி வந்தது என்றால் அக்குன்யா, ஆல்பீஸ் போன்ற இளைஞர்களுக்கு 2019லேயே குறைந்த சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தம் போட்டு வைத்திருந்ததால்தான். ஆல்பீஸுக்கு ஏழு வருஷம், 35 மில்லியன். அந்தப் பையனுக்கு அது அநியாயம் என்று எனக்கு இப்போதும் தோன்றும்.

மிச்சிகனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. செயின்ட் லூயிஸ் அக்கா சொன்ன 2021 விஷயத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை, 30 மில்லியனைக் கொடுத்தாவது இடத்தை மீட்டார்கள் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் வராத துணிச்சல்.

அட்லாண்டாக்காரர் சொன்ன வழியில் எங்கள் ஆட்களும் போய்ப் பார்த்தார்கள். கோல்ட் கீத் மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே 2024 ஜனவரியில் ஆறு வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். தப்பினாலும் பெரிய அடி இல்லாத தொகை. ஆனால் டாரிக் ஸ்கூபலை அப்படிப் பிடித்து வைக்கவில்லை. 2024 சை யங் வாங்கிய இடது கை பிட்சர், 2026 சீசன் முடிந்தால் எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட். ஷெர்சரை விட்ட மாதிரி இவரையும் விடக் கூடாது என்று என் மனம் சொல்கிறது. கல்லூரிக் காலத்தில் முழங்கைக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை, 2022இல் முன்கைத் தசைநாருக்கு இன்னொன்று, அதுவும் தெரியும். என்னைக் கேட்டால் ஆண்டுச் சம்பளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றட்டும், வருஷத்தை மட்டும் ஏழுக்கு மேல் எழுதக் கூடாது, 37 வயதுக்கு மேல் ஒரு பிட்சர் இடத்தைக் கட்டிப்போட முடியாது.

சியாட்டல் பக்கம் யாராவது இருந்தால் ஃபீலிக்ஸ் ஹெர்னான்டஸ், ராபின்சன் கனோ இருவரைப் பற்றியும் எழுதுங்கள். குறிப்பாக கனோவின் பத்து வருஷத்தில் பாதியிலேயே அவரை நியூயார்க் மெட்ஸுக்கு அனுப்பினார்களே, அப்போது மைதானத்தில் பேச்சு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.